தண்டவாள விரிசலைத் தேடும் இரட்டைச் சுருள்: கடலூர்ப் பட்டறையிலிருந்து ஒரு செய்முறைப் பதிவு

பாலிடெக்னிக் இறுதியாண்டுத் திட்டப் பணிகளில் ‘தண்டவாள விரிசலைக் கண்டறியும் வண்டி’ இல்லாத ஆண்டு ஒன்றை நான் பார்த்ததே இல்லை. நான்கு சக்கரம், முன்னால் ஓர் அகச்சிவப்பு சென்சார், பின்னால் ஜி.பி.எஸ்., சிம் கார்டு. அட்டைத் தண்டவாளத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி விட்டு, வண்டி அதன்மேல் வந்ததும் குறுஞ்செய்தி போகும். கைதட்டலும் கிடைக்கும். இந்த ஆண்டு என்னிடம் வந்த மூன்று மாணவர்களும் அதே வரைபடத்தைத்தான் கொண்டுவந்தார்கள். அவர்களிடம் ஒரே கேள்வி கேட்டேன்: இரண்டு விரல் அகலத்துக்குப் பிளந்தபின் அதை விரிசல் என்று சொல்ல முடியுமா?

அது முறிவு. டிராக் சர்க்யூட் (தண்டவாளம் வழியாகவே மின்சாரம் ஓடவிட்டு ரயில் இருப்பதை அறியும் சுற்று) போடப்பட்ட பாதையில் தண்டவாளம் முழுவதும் முறிந்துவிட்டால் பெரும்பாலும் சிக்னலே சிவப்பாகிவிடும். தேட வேண்டியது அதற்கு முந்தைய நிலையை. மேற்பரப்பில் தலைமுடி போலக்கூடத் தெரியாமல், உள்ளே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கி நிற்கிற பிளவை. அதைப் பார்க்கிற கருவியைச் செய்வோம், சிறிதாக இருந்தாலும் உண்மையாக வேலை செய்யட்டும் என்று முடிவெடுத்தோம். அந்த வேலையின் பதிவு இது.

முதலில் ஓர் எச்சரிக்கை. சோதனைக்காக யாரும் ரயில் பாதைக்குப் போக வேண்டாம். அனுமதியின்றிப் பாதையில் நடமாடுவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. உயிருக்கும் ஆபத்து. பழைய இரும்புக் கடையில் கிடக்கும் தண்டவாளத் துண்டையும் விசாரிக்காமல் வாங்கக் கூடாது, ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது கடலூர் முதுநகரில் ஒரு லேத் பட்டறையில் பட்டடையாகக் கிடந்த துண்டு. பழைய ஆலை ஒன்றில் கிரேன் ஓடிய தண்டவாளம் அது. உரிமையாளர் அதை ரசீதோடு வாங்கியிருந்தார். “எடுத்துக்கொள்ளுங்கள் சார், ஆனால் திரும்ப வரும்போது தலை நேராக இருக்க வேண்டும்” என்றார். வேறு ஒரு பட்டடை வாங்கிக் கொடுத்துவிட்டு, இதை நாங்களே வைத்துக்கொண்டோம்.

மின்காந்தத்தால் தண்டவாளத்தைச் சோதிப்பது புதிய எண்ணம் அல்ல. 1911-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், மான்செஸ்டர் என்ற ஊருக்கு அருகே தண்டவாளம் உடைந்து ரயில் கவிழ்ந்ததில் 29 பேர் இறந்தார்கள். தண்டவாளத் தலைக்குள்ளேயே (சக்கரம் உருளும் மேற்பகுதி), வெளியே துளியும் தெரியாமல் குறுக்காக வளர்ந்த விரிசல்தான் காரணம். வெளிப்பார்வையால் இதைப் பிடிக்கவே முடியாது என்பது அப்போது உறைத்தது. எல்மர் ஸ்பெர்ரி 1928-இல் ஓடவிட்ட சோதனை வண்டி, தண்டவாளத்துக்குள் பெரும் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதைச் சுற்றியிருக்கும் காந்தப்புலம் எங்கே நெளிகிறது என்று சுருள்களால் தேடியது. பிறகு மீயொலி (காதுக்குக் கேட்காத அளவுக்கு உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி) வந்து அந்த இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. நம் ரயில்வேயில் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்களே, அது மீயொலிச் சோதனைதான்.

மீயொலிக்கு ஒரு குருட்டுப் பகுதி உண்டு. சக்கரத்தின் விளிம்பு உரசும் தலையின் உள்மூலையில், தோலை ஒட்டிச் சாய்வாக இறங்கும் நுண்விரிசல்கள் அதற்கு எளிதில் பிடிபடுவதில்லை. நெருக்கமாக இருக்கும் மேல்விரிசல்கள், அடியில் இருக்கும் பெரிய விரிசலை மறைத்தும் விடும். 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் நான்கு உயிர்களைப் பறித்தது இந்த மூலை விரிசல்தான். ரயில் மேலே போகும்போதே தண்டவாளம் 300-க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. அதற்குப் பிறகுதான் சுழல் மின்னோட்ட முறைக்கு ஐரோப்பாவில் புது மதிப்பு வந்தது. நாங்கள் எடுத்துக்கொண்டதும் அதே முறை.

சுருளில் மாறுமின்னோட்டம் ஓடினால், அருகிலுள்ள உலோகத்தின் தோலில் வட்ட வட்டமாக மின்னோட்டம் தூண்டப்படும். இதுதான் சுழல் மின்னோட்டம். அது சுருளை எதிர்க்கும். சுருளின் மின்தடையும் தூண்டல் எண்ணும் மாறும். எஃகில் இந்த மின்னோட்டம் எவ்வளவு ஆழம் போகும்? தண்டவாள எஃகின் மின்தடை எண்ணை 0.22 மைக்ரோ ஓம்-மீட்டர் என்றும், காந்த உட்புகுதிறனைக் காற்றைப்போல் 100 மடங்கு என்றும் வைத்துக்கொண்டால், 1 கிலோஹெர்ட்ஸில் 0.75 மில்லிமீட்டர். 20 கிலோஹெர்ட்ஸில் 0.17. 100 கிலோஹெர்ட்ஸில் 0.075 மட்டுமே.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டதும் மாணவர்களின் முகம் வாடிவிட்டது. “சார், கால் மில்லிமீட்டர்கூட உள்ளே போகாத மின்னோட்டம் இரண்டு மில்லிமீட்டர் விரிசலை எப்படிப் பார்க்கும்?” சரியான கேள்வி. இதற்கு விடை தெரிந்தால்தான் இந்தக் கருவியே புரியும். மின்னோட்டம் தோலோடு ஒட்டித்தான் ஓடும். ஆனால் விரிசலின் இரு சுவர்களும் தோல்தான். வழியில் பிளவு வந்தால் ஒரு பங்கு அதன் சுவர் வழியாக இறங்கி, அடியைத் தொட்டு, எதிர்ச்சுவரில் ஏறி வருகிறது. மற்றது பக்கவாட்டில் ஒதுங்கிப் போகிறது. வயலில் வாய்க்கால் குறுக்கே பள்ளம் விழுந்தால் தண்ணீர் இறங்கி ஏறியும் சுற்றியும் போவது மாதிரி. பாதை நீள்கிறது, அந்த நீட்சியைச் சுருள் உணர்கிறது. ஆகவே திறந்த வாய் உள்ள விரிசலின் ஆழம் ஓரளவுக்குத் தெரியும். வாயே இல்லாமல் உள்ளுக்குள் மூடிக் கிடக்கும் விரிசல் தெரியவே தெரியாது. 1911-இல் உடைந்த தண்டவாளத்தில் இருந்த மாதிரி விரிசலை எங்கள் கருவி காட்டாது.

சுருள்

எரிந்துபோன சி.எஃப்.எல். பல்புகளின் அடிப்பாகத்தைத் திறந்தால் உள்ளே ஒரு சிறு ஃபெர்ரைட் (பீங்கான் போன்ற காந்தப் பொருள்) உருளை இருக்கும், இரு முனையும் விரிந்து இடை சிறுத்திருக்கும். பல்பின் கண்ணாடிக் குழாயை உடைத்துவிடக் கூடாது, அதற்குள் பாதரசம் இருக்கிறது. உருளையில் பழைய சுற்றைப் பிரித்துவிட்டு 36 கேஜ் எனாமல் கம்பியால் 120 சுற்று சுற்றினோம். கம்பி, மோட்டார் வைண்டிங் கடையில் எடைக்கு வாங்கியது. இரண்டு சுருள்கள் வேண்டும், இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 400 மைக்ரோஹென்றியை ஒட்டிய மதிப்பு. 20 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 50 ஓம். ஒரு பை நிறைய உருளைகளிலிருந்து ஜோடி பொருத்தி எடுப்பதற்கு வாய்த்த பொறுமை, இந்தக் கருவியில் வேறெந்தப் பாகத்தையும்விட அதிகம் பலன் தந்தது.

இரண்டையும் தண்டவாளத்தின் நீளவாக்கில் முன்பின்னாக, நடுவுக்கு நடு 4 மில்லிமீட்டர் இடைவெளி வருமாறு நைலான் கட்டையில் பதித்தோம். உருளையின் விரிந்த முனையை ஒரு பக்கம் தேய்த்தால்தான் அந்த அளவுக்கு நெருங்கி வரும். தண்ணீர் விட்டு உப்புத்தாளில் தேய்க்க வேண்டும், வேகம் காட்டினால் ஃபெர்ரைட் சில்லாகப் பெயரும். அடியில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒரு தாள் ஒட்டினோம். 0.2 மில்லிமீட்டர் தடிமன், வழுக்கிக்கொண்டு போகும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஏன் இரண்டு? ஒற்றைச் சுருள் எல்லாவற்றுக்கும் துள்ளுகிறது. வெயில் ஏறினால் துள்ளும். சுருள் தண்டவாளத்திலிருந்து ஒரு தாள் கனம் எழும்பினால் விரிசலைவிடப் பெரிதாகத் துள்ளும். இரண்டையும் பாலமாக (இரு கைகளின் மின்னழுத்தத்தை ஒப்பிடும் சுற்றாக) கட்டி வித்தியாசத்தை மட்டும் எடுத்தால், இரண்டுக்கும் பொதுவானது கழிந்துவிடும். விரிசல் மட்டும் முதலில் ஒன்றின் அடியிலும் பிறகு மற்றதன் அடியிலும் வருவதால் ஒரு மேல்துள்ளல், உடனே ஒரு கீழ்த்துள்ளல் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்.

மின்சுற்று

மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து 80 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. அதை 74எச்சி74 சில்லு நான்கால் வகுத்து, ஒன்றுக்கொன்று கால் சுற்று தள்ளி நிற்கும் இரண்டு 20 கிலோஹெர்ட்ஸ் அலைகளைத் தருகிறது. ஒன்றை வடிகட்டி சைன் அலையாக்கி, பிடி139, பிடி140 டிரான்சிஸ்டர் ஜோடியால் வலுவேற்றிப் பாலத்துக்குக் கொடுத்தோம். பாலத்தில் ஒவ்வொரு கையிலும் 47 ஓம் மின்தடை, அதற்குக் கீழே சுருள். சமன்செய்ய 10 ஓம் மல்டி-டர்ன் பொட்டென்ஷியோமீட்டர், கூடவே ஒரு சுருளுக்குக் குறுக்கே சிறு மின்தேக்கி. இரண்டும் வேண்டும். மின்தடையை மட்டும் சமன்செய்தால் வெளியீடு ஓரளவு குறைந்து அதற்குமேல் இறங்க மறுக்கும்.

பாலத்தின் வெளியீடு ஏடி620 பெருக்கிச் சில்லில் 100 மடங்கு பெருகி, சிடி4053 சுவிட்ச் வழியாக இரண்டு அலைகளோடும் தனித்தனியே ஒத்துப்பார்க்கப்படுகிறது. கிடைப்பது எக்ஸ், ஒய் என்ற இரண்டு மெதுவான மின்னழுத்தங்கள். பட்டறையில் பக்கத்திலேயே வெல்டிங் நடக்கும்போதும் இந்த இரண்டும் அசையாமல் நின்றதைப் பார்த்து மாணவர்கள் வியந்தார்கள். 20 கிலோஹெர்ட்ஸோடு தாளம் ஒத்துவராத பெரும்பாலானவற்றை இந்த அமைப்பு உள்ளே விடாது.

எழுதியது சுருக்கம், செய்தபோது இந்தப் பகுதிதான் அதிக நேரம் தின்றது. பூமி இணைப்புக் கம்பிகள் எல்லாம் ஒரே புள்ளியில் சேர வேண்டும், சுருளுக்குப் போகும் கம்பி கவசம் பூண்டதாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

பொய்யான விரிசல்கள்

அளந்து பார்க்கத் தெரிந்த ஆழமுள்ள வெட்டுகள் வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் வாய் மிக அகலம். தண்டவாளத் துண்டைப் புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்குக் கொண்டுபோய், ஒயர் கட் இயந்திரத்தில் (மெல்லிய கம்பியின் மின்பொறியால் உலோகத்தை அறுப்பது) தலையின் குறுக்கே 0.5, 1, 2, 4 மில்லிமீட்டர் ஆழத்தில் நான்கு வெட்டுகள் போட்டு வாங்கினோம். ஒவ்வொன்றின் அகலமும் 0.3 மில்லிமீட்டர் அளவில்தான். ரப்பர் வைத்துக் கட்டி பஸ்ஸில் தூக்கி வர முடியாத எடை. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் மனமிரங்கினார்.

சுருளை முதன்முதலாக அந்த வெட்டுகளின்மேல் இழுத்தபோது திரையில் நான்கு துள்ளல்களும் வரிசையாக எழுந்தன. அரை மில்லிமீட்டர் வெட்டுகூடத் தெளிவாக நின்றது. இரண்டுக்கும் நான்குக்கும் மட்டும் வேறுபாடு குறைவு. ஓர் ஆழத்துக்குப் பிறகு மின்னோட்டம் இறங்கி ஏறுவதைவிடப் பக்கவாட்டில் ஒதுங்குவதே சுலபம் என்பதால், துள்ளல் மேலும் வளராமல் நின்றுவிடுகிறது. சிறு சுருளால் பெரிய ஆழத்தை அளக்க முடியாது.

திட்டப் பணி என்றால் இங்கேயே முடித்து மதிப்பெண் வாங்கிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விரிசலின்மேல் துள்ளுவது எளிய பாதி. விரிசல் இல்லாத இடத்தில் துள்ளாமல் இருப்பதுதான் கருவியின் தகுதி. பொய்யாக அலறும் கருவியை நாலாவது நாள் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாத கருவி மெய்யாக அலறும்போதும் பயனில்லை. எனவே அதை ஏமாற்றக்கூடிய பொருள்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொன்னேன்.

முதல் எதிரி, சாய்வு. கட்டை ஒரு பக்கம் சற்றே சாய்ந்தால் ஒரு சுருள் எழும்பும், மற்றது எழும்பாது. பாலம் அதை விரிசல் என்றே எண்ணும். இங்கேதான் எக்ஸ், ஒய் இரண்டும் கைகொடுத்தன. வெட்டில்லாத இடத்தில் கட்டையை வேண்டுமென்றே ஆட்டினால் திரையில் புள்ளி ஒரு கோட்டின்மேல் போய்வருகிறது. வெட்டின்மேல் இழுத்தால் வேறு திசையில் எட்டு என்ற எண்ணைப் போல ஒரு வடிவம் போடுகிறது. ஆட்டத்தின் கோடு கிடைமட்டமாகப் படுக்கும்வரை மென்பொருளில் இரண்டையும் கோணம் திருப்பிவிட்டு, செங்குத்து அசைவை மட்டும் பார்த்தால் போதும். அதன்பிறகு கட்டையை எப்படி ஆட்டினாலும் செங்குத்துக் கோடு ஏறக்குறைய அமைதியாக இருந்தது, வெட்டு வந்தால் மட்டும் எழுந்தது. இந்தப் பணியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்தது துரு. கடலூரில் உப்புக் காற்றுக்கு இரும்பு என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. துண்டை உப்புத் தண்ணீர் தெளித்து வெளியே போட்டுவைத்தோம். துரு மின்சாரம் கடத்தாது, ஆகவே அது சுருளைத் தூக்கிப் பிடிப்பது மாதிரிதான். திருப்பிய கோணம் அதையும் பெரும்பாலும் தணித்துவிட்டது. திட்டுத் திட்டாகச் செதில் எழும்பிய இடத்தில் மட்டும் கோடு நடுங்கியது.

உண்மையில் ஏமாற்றியது சூடு. சக்கரம் சுழன்று வழுக்கும்போது தண்டவாளத் தலை கணநேரம் காய்ந்து உடனே குளிர்ந்து, அந்த இடத்து எஃகின் அமைப்பே மாறிப்போகும். அதைப் போலச் செய்ய, கேஸ் விளக்கால் ஓர் இடத்தைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீர் ஊற்றினோம். வெடிப்பு எதுவும் இல்லை. ஆனால் காந்த உட்புகுதிறன் மாறிவிட்டதால் சுருள் துள்ளியது. அதன் திசை சாய்வுக் கோட்டுக்கும் விரிசல் வடிவத்துக்கும் இடையில் விழுந்தது. வடிவமும் கூர்மையாக இல்லாமல் பரந்திருந்தது. கண் பிரித்தறிகிறது, எங்கள் நிரல் இன்னும் நம்பத்தக்க விதத்தில் பிரிக்கவில்லை.

மெய்யான விரிசல்

இயந்திரம் போட்ட வெட்டும் இயற்கையான விரிசலும் ஒன்றல்ல. விரிசலின் சுவர்கள் பல இடங்களில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், மின்னோட்டம் அங்கே தாண்டிவிடும். அதைச் சோதிக்க லாரிப் பட்டறையிலிருந்து கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டை ஒன்றை வாங்கிவந்தோம். தேய்த்துச் சுத்தம் செய்தும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. சுருள் ஓரிடத்தில் எழுந்தது, வெட்டின் மேல் எழுந்ததைவிடக் குறைவாக, ஆனால் அதே எட்டு வடிவில். அந்த இடத்தில் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊறவிட்டு, துணியால் முழுவதும் துடைத்துவிட்டு, மேலே வெள்ளை மாவு போன்ற டெவலப்பரை அடித்தோம். கொஞ்ச நேரம் வெறும் வெள்ளை. பிறகு விளிம்பிலிருந்து ஒரு செந்நிறக் கீறல் கசிந்து வந்தது. வளைந்து, இரண்டு இடத்தில் அறுந்து, நகத்தின் நீளம்கூட இல்லை. மாணவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவர்களில் ஒருவரின் தாய்மாமன் ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்புக் கொடியும் சுமந்து, தன் எல்லைக்குட்பட்ட பாதையை நாள்தோறும் நடந்து பார்த்த கால்கள். அவரை அழைத்துவந்து காட்டினோம். கட்டையைக் கையில் வாங்கித் தானே இழுத்துப் பார்த்தார்.

“தம்பி, இது தலையைத்தானே பார்க்கிறது? பாதத்தைப் பார்க்குமா?”

“பார்க்காது ஐயா. சுருள் தொடுகிற இடத்தை மட்டும்தான்.”

“கடலோரத்தில் பாதம்தான் முதலில் போகும். கிளிப் மாட்டுகிற இடத்தில் தண்ணீர் நின்று துரு அரிக்கும், அங்கேயிருந்துதான் வெடிப்பு கிளம்பும். போல்ட் ஓட்டையிலிருந்தும் கிளம்பும். மார்கழி, தையில் விடியற்காலை நடக்கும்போதுதான் எங்களுக்கு நெஞ்சு படபடக்கும்.”

அவர் சொன்னதன் கணக்கை அன்றே மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளத்தால் குளிரில் சுருங்க முடியாது. சுருங்க முடியாதது இழுவிசையாக உள்ளே தங்கும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 77 சதுர சென்டிமீட்டர். வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் 2 டன்னை நெருங்கும் இழுவிசை கூடுகிறது. பொருத்தியபோது இருந்ததைவிட 15 டிகிரி இறங்கினால் 28 டன். பகல் முழுவதும் சத்தமில்லாமல் இருந்த விரிசல் விடியற்காலையில் ஏன் வாய் திறக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். அந்த நேரத்தில் நடக்கிற மனிதரின் கண்ணுக்கும் காதுக்கும் மாற்றாக இந்தக் கட்டையைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நடுத்தகடான இடைக்கும் அதன் நேர்கீழே உள்ள பாதத்துக்கும் மீயொலி, தலையின் தோலுக்கு இது, எல்லாவற்றுக்கும் மேலே அவர். இப்படித்தான் திட்ட அறிக்கையிலும் எழுதச் சொன்னேன்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். நடைவேகமான வினாடிக்கு 1 மீட்டரில், 4 மில்லிமீட்டர் இடைவெளிச் சுருள்களை விரிசல் 4 மில்லிவினாடியில் கடக்கிறது; ஆர்டுயினோவே நிதானமாகப் படித்துவிடும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் அதே கடப்பு 0.14 மில்லிவினாடி. அதற்குள் 20 கிலோஹெர்ட்ஸ் அலை மூன்று சுற்றுகூட முடிக்காது. ரயிலில் பொருத்தும் கருவிக்கு நூறு கிலோஹெர்ட்ஸும் அதற்கு மேலும் வேண்டும், ஃபெர்ரைட்டும் மின்சுற்றும் அதற்கேற்ப மாற வேண்டும். ‘இதை அப்படியே எஞ்சினில் கட்டிவிடலாமா’ என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில்.

இப்போது கட்டை தட்டையான தலையில் மட்டும் ஓடுகிறது. அடுத்து வேண்டியது உள்மூலைக்கு. துண்டின் மூலை வளைவை மெழுகில் அச்செடுத்து வைத்திருக்கிறோம்; அந்த வளைவில் எட்டு ஜோடிச் சுருள்களைப் பதித்து, சுவிட்ச் சில்லால் மாறி மாறிப் படிக்கத் திட்டம். மூலை விரிசல் சாய்வாக இறங்குவதால் சுருள் காட்டுவது சரிவின் நீளத்தை, செங்குத்து ஆழத்தை அல்ல. 25 டிகிரிச் சரிவில் 5 மில்லிமீட்டர் நீளம் என்றால் ஆழம் 2.1 மில்லிமீட்டர்தான். அந்தச் சாய்வில் ஒரு வெட்டுப் போட்டுத் தர முடியுமா என்று ஒயர் கட் இயந்திரக்காரரிடம் கேட்டிருக்கிறோம். துண்டைச் சாய்த்துப் பிடிக்க ஒரு தாங்கி செய்துகொண்டு வந்தால் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதுநகர்ப் பட்டறையில் அந்தத் தாங்கிக்கான தகடு அறுபட்டுக்கொண்டிருக்கிறது.